கரும்புச் சக்கையிலிருந்து காயத்துக்கு மருந்துப் படலம்!

மாட்டுக்குக் காலில் காயம். கால்நடை மருத்துவர் ஆன்டிபயாடிக் ஊசி போட்டு, '5 நாள் தொடர்ந்து போடணும்' என்று சொல்லிவிட்டுப் போகிறார். மூன்றாம் நாளே புண் காய்ந்ததுபோலத் தெரிந்ததும், 'சரியாயிடுச்சு' என்று நிறுத்திவிடுகிறோம். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. அரைகுறை மருந்தில் தப்பிப் பிழைத்த கிருமிகள் பெருகினால், அடுத்த முறை அதே மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

ஊசியைத் தவறவிட்டாலும், காயத்தில் மருந்து தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருந்தால்? அதற்கான வழியைத்தான் கரும்புச் சக்கை, வாழை நார், வைக்கோல் போன்ற பண்ணைக் கழிவுகளிலும் விஞ்ஞானிகள் தேடுகிறார்கள்.

செடிகளுக்கு உறுதி தருவது செல்லுலோஸ் எனும் நார்ப்பொருள். பருத்திப் பஞ்சில் சுமார் 90 சதவிகிதம் இதுதான். சக்கையை வேதிப்பொருள்களால் சுத்தம் செய்து, நாரை மட்டும் பிரித்து, மிக அதிக அழுத்தத்தில் சிதைத்தால், தலைமுடியை ஆயிரம் இழையாகக் கிழித்ததைவிட மெல்லிய இழைகள் கிடைக்கும். இதுவே நானோ செல்லுலோஸ். 100 பங்கு நீரில் 2 பங்கு கலந்தாலே கூழ்போலக் கெட்டியாகிவிடும். அதில் மருந்தைக் கலந்து உலர்த்தினால், காகிதம்போல மெல்லிய படலம் தயார்.

காயத்தின் மீது வைத்ததும் படலம் ஈரத்தை உறிஞ்சி ஊறும். உள்ளேயுள்ள மருந்து, பின்னிக் கிடக்கும் இழைகளுக்கு இடையே வளைந்து நெளிந்து மெதுவாக வெளியே வரும். வாய்க்கால் பாசனத்துக்கும் சொட்டுநீருக்கும் உள்ள வித்தியாசம்தான். மருந்து காயத்திலேயே தங்குவதால், ரத்தத்தில் கலப்பது குறையும் என்பது எதிர்பார்ப்பு.

சிக்கலும் உண்டு. முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி மருந்து வெளியேறிவிடலாம். கடைசி நாள்களில் அளவு குறைந்தால், பாதியில் நிறுத்திய ஊசியின் கதைதான். அதனால், எத்தனை நாளைக்கு எவ்வளவு மருந்து இறங்குகிறது என்பதே முக்கியமான சோதனை.

பின்லாந்தில் பிர்ச் மர நானோ செல்லுலோஸில் செய்த காயக்கட்டு, மனிதர்களுக்குத் தோல் எடுத்த இடத்துப் புண்களில் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. அதில் ஆன்டிபயாடிக் கிடையாது. மருந்து கலந்த படலங்கள் பெரும்பாலும் ஆய்வக நிலையில்தான் இருக்கின்றன. நம் நாட்டில், மும்பையிலுள்ள மத்திய பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் நானோ செல்லுலோஸ் தயாரிக்கும் மாதிரி ஆலையை அமைத்திருக்கிறது.

'வாழை நாரை அரைத்து, மாத்திரைப் பொடி கலந்து நாமே கட்டலாமா?'

கூடவே கூடாது. வீட்டில் அரைத்த நார் நானோ செல்லுலோஸ் ஆகாது. அதிலுள்ள அழுக்கே புண்ணைக் கெடுத்துவிடும். காயத்தைச் சுத்தமான நீரில் கழுவி, ஈ மொய்க்காமல் பாதுகாத்து, மருத்துவரைக் கூப்பிடுங்கள். சொன்ன நாள் வரை ஊசியைப் போடுங்கள். கறவை மாடாக இருந்தால், எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். படலம் பண்ணைக்கு வந்து சேரும்வரை, கையிலிருக்கும் மருந்தின் பலத்தைக் காப்பாற்றுவது நம் பொறுப்பு!