விஷத்திலிருந்து வந்த பிரஷர் மாத்திரை

பிரேசிலில் ஜராராக்கா என்றொரு விரியன் உண்டு. அது கடித்தவரின் ரத்த அழுத்தம் மளமளவென்று சரிந்துவிடக்கூடும். 1948-இல் மவுரீசியோ ரோச்சா எ சில்வாவின் குழு அந்த விஷத்தை நாயின் ரத்தத்தில் சேர்த்துப் பார்த்தது. ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் ஒரு பொருள் அந்த ரத்தத்திலிருந்தே வெளிப்பட்டது. அதற்கு பிராடிகைனின் என்று பெயர் வைத்தார்கள். உடம்பு அதை நொடிகளில் சிதைத்துவிடும். சிதையவிடாமல் காக்கும் சிறு புரதத் துணுக்குகளும் அதே விஷத்தில் இருப்பதை 1965-இல் செர்ஜியோ ஃபெரேரா அறிவித்தார். பிறகு விஷச் சாற்றோடு லண்டனுக்கு, ஜான் வேனின் ஆய்வகத்துக்குப் போனார்.

அங்கே தெரியவந்ததுதான் பெரிய விஷயம். அழுத்தம் குறைவதாக உணர்ந்தால் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரக்கும். கல்லீரலிலிருந்து வரும் ஒரு புரதத்தை ரெனின் வெட்டினால் ஆஞ்சியோடென்சின்-1 கிடைக்கும். அதனால் பெரிய விளைவு இல்லை. நுரையீரல் ரத்தக் குழாய்களில் நிறைந்திருக்கும் ஏசிஇ என்ற நொதி அதை மறுபடி வெட்டியதும்தான் வீரியமுள்ள ஆஞ்சியோடென்சின்-2 பிறக்கிறது. இது குழாய்களை இறுக்கும்; உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும்; அழுத்தம் ஏறும். பிராடிகைனினைச் சிதைப்பதும் இதே ஏசிஇதான். இறுக்குவதை உண்டாக்கி, தளர்த்துவதை அழிக்கும் இந்த நொதியைத்தான் பாம்பின் விஷம் முடக்கியது.

விஷத் துணுக்கை ஊசியில்தான் போட முடிந்தது. விழுங்கினால் குடலில் செரித்துவிடும். அமெரிக்காவின் ஸ்குவிப் நிறுவனத்தில் மிகேல் ஒன்டெட்டியும் டேவிட் குஷ்மனும் ஏசிஇயின் உள்ளமைப்பை நேரில் பார்க்க வழியில்லாத நாளில், அதைப் போன்ற இன்னொரு நொதியின் அமைப்பை வைத்து ஊகித்தார்கள். விஷத் துணுக்கின் கடைசியில் உள்ள புரோலினை வைத்துக்கொண்டு, ஏசிஇயின் மையத்திலுள்ள துத்தநாகத்தைப் பற்றிக்கொள்ள ஒரு கந்தகத் தொகுதியைச் சேர்த்தார்கள். அதுதான் கேப்டோபிரில். 1981-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கண்மூடித்தனமாகத் தேடாமல், நொதியின் வடிவத்தை யோசித்து மருந்து செய்ததை நான் மிகவும் மதிக்கிறேன். இன்று பலர் விழுங்கும் எனலாபிரில், ராமிபிரில் இரண்டும் அந்த வழியில் வந்தவை.

இவற்றைச் சாப்பிடும் சிலருக்கு வறட்டு இருமல் வரும். சளிக்கு மருந்து குடித்தும் நிற்காமல் போக, பிரஷர் மாத்திரையையே நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது ஆபத்து. இருமலுக்கு முக்கியக் காரணம், சிதையாமல் தேங்கும் பிராடிகைனின் என்று கருதப்படுகிறது. மருத்துவரிடம் சொன்னால் பெரும்பாலும் லோசார்டன், டெல்மிசார்டன் வகைக்கு மாற்றுவார். அவை ஏசிஇயைத் தொடுவதில்லை. ஆஞ்சியோடென்சின்-2 போய் ஒட்டும் இடத்தை மட்டும் அடைத்துவிடும். கர்ப்பிணிகளுக்கு இரண்டு வகையுமே ஆகாது. சிசுவின் சிறுநீரகம் பாதிக்கப்படும்.