திராட்சைத் தோட்டத்தில் ஆள்மாறாட்டம்

இரட்டைப் பிள்ளைகளில் ஒருவனை மற்றவன் பெயரால் அழைத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வது நம்மில் பலருக்கும் நேர்ந்திருக்கும். ஆனால் ஒரு தேசம் முழுவதுமே நூறு வருஷத்துக்கு மேல் ஒரு கொடியை இன்னொரு கொடியின் பெயரால் அழைத்து வந்தது என்றால் நேயர்கள் நம்புவார்களா?

தென் அமெரிக்காவிலுள்ள சிலி தேசத்தார், 19-ம் நூற்றாண்டின் மத்தியில் பிரான்ஸின் போர்தோ பிரதேசத்திலிருந்து திராட்சைக் கொடிகளை வரவழைத்து நட்டார்கள். 'மெர்லோ' என்ற ரகத்தோடு 'கார்மெனேர்' என்பதும் கலந்து வந்துவிட்டது. பிற்பாடு பிரான்ஸில் வேரை உறிஞ்சும் ஒரு சிறு பூச்சி தோட்டங்களைச் சூறையாடிற்று. அங்கே கார்மெனேர் அநேகமாக அற்றே போயிற்று. சிலியிலோ மெர்லோ என்ற பெயரில் அது சுகமாக வாழ்ந்தது. கஷ்டமெல்லாம் குடியானவனுக்குத்தான். கார்மெனேர் பழுக்க மெர்லோவைவிடச் சில வாரங்கள் அதிகமாகும். இரண்டையும் ஒரே நாளில் பறித்தால் கூடையில் பழத்தோடு காயும் வந்து சேரும். சாற்றில் பச்சை வாடை வீசும். (அந்தச் சாறு பிறகு மதுவாவதைப்பற்றி நமக்கு அக்கறையில்லை, உழைப்பு வீணாவதுதான் விஷயம்.)

1994-ல் சிலிக்கு வந்த பிரெஞ்சு நிபுணர் ழான் மிஷேல் பூர்சிகோ, பூவின் முறுக்கிய மகரந்தக் காம்புகளையும் இலையையும் உற்று நோக்கினார். "இது மெர்லோ அல்ல, கார்மெனேர்" என்று தீர்ப்புக் கூறினார். மோன்பெலியே நகரத்துப் பேராசிரியர் பியேர் காலே வளர்த்த வித்தை இது. இலை நரம்புகளின் நீளம், அவற்றிடையே உள்ள கோணம், மடல்களின் நடுவேயுள்ள வெட்டு, ஓரத்துப் பற்கள் எல்லாவற்றையும் அளந்தே ரகத்தைச் சொல்லிவிடுவார் காலே.

ஆயினும் இலையும் சில சமயம் ஏமாற்றும். ஒரே கொடியில் அடியிலைக்கும் நுனியிலைக்கும் ஒற்றுமை இராது. 'சாஸ்லா' என்ற ரகத்தில் ஒரு கொடிக்கு இலை கொத்தமல்லித் தழைபோலக் கிழிந்திருக்கும். பார்த்தவர் எவரும் அதை சாஸ்லா என்று சொல்லார். மரபணுவைச் சோதித்தால் அசல் சாஸ்லாதான்! கழியை வெட்டி நட்டே திராட்சையைப் பெருக்குவதால், ஒரு ரகத்தின் கொடிகள் எங்கிருந்தாலும் அவற்றின் மரபணுக் குறிகள் ஒன்றே.

கார்மெனேர் விஷயத்திலும் அந்தச் சோதனை இலையின் சாட்சியத்தை உறுதி செய்தது. அதோடு ஒரு குடும்ப இரகசியமும் வெளிவந்தது. 'கபெர்னே பிரான்' என்ற கொடியே மெர்லோவுக்கும் கார்மெனேருக்கும் பெற்றோரில் ஒருவர். முகஜாடை வேறெப்படி இருக்கும்?

1998-ல் சிலி அரசாங்கம் கார்மெனேரைத் தனி ரகமாக அங்கீகரித்தது. அதன் பிறகு தோட்டக்காரர்கள் வரிசை வரிசையாகக் கொடிகளைப் பிரித்து அடையாளமிட்டு, அதனதன் பருவத்தில் பறிக்கலானார்கள்.