பாம்பனுக்கு முன்னால் கொஞ்சம் இறங்குங்கள்

ராமேசுவரம் போகிறவர்களில் பாதிப் பேர் பரமக்குடி தாண்டியதும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். "பாம்பன் வந்ததும் எழுப்பு" என்பார்கள். தப்பில்லை. 2025இல் திறந்த புதிய தூக்குப்பாலமும், 1964 புயல் விழுங்கிய தனுஷ்கோடியும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் வழியெல்லாம் வெறும் பொட்டல் என்று மட்டும் சொல்லாதீர்கள். டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

ராமநாதபுரம் சீமையில் மலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ராமேசுவரத்துக் கந்தமாதன பர்வதமே ஒரு மணல்மேடுதான். இரண்டு குன்றுக்கு நடுவே அணை கட்டித் தண்ணீரைத் தேக்க இங்கே வழி கிடையாது. நிலமோ, லேசாகச் சாய்த்த தாம்பாளம் மாதிரி கடலைப் பார்த்து இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழை நிற்காமல் ஓடிவிடும். அதனால் நம் ஆட்கள் பள்ளமான பக்கத்தில் மட்டும் பிறை வடிவில் மண்கரை போட்டார்கள். மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கும்; தண்ணீர் தானாக வந்து சேரும். அதுதான் கண்மாய். ஒன்று நிறைந்தால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்ததற்குப் போகும். வைகையே ராமநாதபுரம் பெரிய கண்மாயில்தான் வந்து சேர்கிறது.

கரையில் ஏறி மடையைப் பாருங்கள். தண்ணீருக்குள் இரண்டு கல்தூண், குறுக்கே துளையிட்ட கற்பலகை. துளை வழியே இறங்கும் கட்டையைத் தூக்கினால், அடியில் தண்ணீர் புகுந்து கரைக்குக் கீழாகவே போய் வயலில் எட்டிப் பார்க்கும். எத்தனை எளிய வேலை, எத்தனை கச்சிதம்! ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயை 'நாரை பறக்க முடியாத 48 மடைக் கண்மாய்' என்பார்கள். ஒரே மூச்சில் நாரையால் கடக்க முடியாத நீளமாம். தன் ஊர்க் கண்மாயைப் பற்றி இப்படிப் பெருமை பேசுகிற மக்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நாரை என்றதும் ஞாபகம் வருகிறது. முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் பறவைச் சரணாலயங்கள். இரண்டுக்கும் 2022இல் ராம்சார் தகுதி கிடைத்தது. தண்ணீருக்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். முள் மரத்தின் உச்சியில் அத்தனை பெரிய பறவை கால் மடக்கி உட்காரும் லாவகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தால் நகர மனசு வராது.

சீமைக்கருவேலம் மண்டி மேவிய கண்மாய்களும் நிறைய உண்டு. அதைப் பார்க்க வயிறு எரிகிறது. தூர்வாரினால் மீளக்கூடியவை அவை.

மழை நன்றாகப் பெய்த வருஷம், மார்கழியில் வாருங்கள். பாம்பனுக்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்கி ஏதாவது ஒரு கண்மாய்க் கரையில் நடங்கள். கூடு இருக்கும் இடத்தில் ஹாரன் மட்டும் அடிக்காதீர்கள்.