மொய் எண்ணுவதற்கு முன்னால் ஒரு போன் பண்ணுங்க!

திருப்பூரில் முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் வந்துவிட்டால் போதும். பனியன் கம்பெனிகளுக்கு லீவு, மண்டபங்களில் கூட்டம். ஒரே வீட்டுக்கு நாலு பத்திரிகை வந்திருக்கும். அவர்கள் எந்தப் பந்தியில் உட்காருவார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஆயிரம் பேருக்குச் சமைத்து எழுநூறு பேர் வந்தால், மீதி அண்டாவிலேயே நிற்கும்.

இப்படி மீந்து நிற்கும் உணவைத் தேடித்தான் 2014-ல் பக்கத்துக் கோவையில் 'நோ ஃபுட் வேஸ்ட்' அமைப்பு தொடங்கியது. பத்மநாபன் கோபாலனும் நண்பர்களும் ஆரம்பித்தது. விசேஷ வீட்டிலிருந்து தகவல் வந்தால், மீந்ததை எடுத்துப்போய் பசியோடு இருப்பவர்களிடம் சேர்ப்பார்கள்.

இதில் பெரிய எதிரி நேரம்தான். காலையில் இறக்கிய சாம்பாரைப் பற்றி, மொய் எண்ணி முடித்து, சாயங்காலம் நாலு மணிக்குச் சொன்னால் என்ன பயன்? சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ, 5 டிகிரிக்குக் கீழே குளிராகவோ இருக்க வேண்டும். இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் மளமளவெனப் பெருகும். தேங்காய்ச் சட்னி முதலில் கெடும். பசித்தவருக்குக் கெட்டதைக் கொடுப்பது உதவியா என்ன? உபரி உணவை வாங்கி விநியோகிப்பதற்கென்றே 2019-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதிமுறைகள் கொண்டுவந்தது.

அதனால் கடைசிப் பந்தி உட்காரும்போதே போன் போய்விட வேண்டும். மாப்பிள்ளை வீடு, பொண்ணு வீடு இரண்டுக்கும் அன்று தலைக்கு மேல் வேலை. பொறுப்பை சமையல் மாஸ்டரிடமோ, சும்மா சுற்றும் ஒரு சித்தப்பாவிடமோ முந்தின நாளே கொடுத்துவிடலாம். பரிமாறாத உணவை மூடி வைக்க நாலு சுத்தமான பாத்திரமும் தனியே வேண்டும்.