பாலையில் ஒரு கூடு



பாலை என்றதும் மணல்மேடுகளும் ஒட்டகங்களுமே நம் மனக்கண்ணில் தோன்றுகின்றன. தமிழ் மரபோ பாலையைத் தனியொரு நிலமாகக் கொள்ளவில்லை. மழை பொய்த்து, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெடும்போது அவையே பாலையாகின்றன என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். குருநாகல் - தம்புள்ள வீதியிலுள்ள கலேவெலவில் வாழும் எனக்கு இவ்விளக்கம் ஏட்டில் மட்டும் உள்ளதன்று. பெரும்போகத்தில் பசுமை போர்த்த நிலம், மே மாதத்தின் பின் மெல்ல மெல்ல வெடித்துப் பாலையாவதை ஆண்டுதோறும் காண்கிறேன்.

இக்காலத்தில் பறவைகள் என்ன செய்கின்றன? தூக்கணாங்குருவிக்குக் கூடு பின்ன நீண்ட பசும்புல் வேண்டும். ஆகவே அது மழையையும் பயிரையும் நம்பியிருக்கிறது. ஆட்காட்டியின் வழி வேறு. நீர் வற்றிய குளத்தோரத்து வெறுந்தரையில், சிறு பள்ளமொன்றைக் கூடாக்கி, வரட்சியிலேயே பெரும்பாலும் நான்கு முட்டைகளை இடுகிறது. திறந்த வெளியில் பகைவன் தொலைவிலேயே தெரிவான். பொரித்தவுடன் ஓடித்திரியும் குஞ்சுகளுக்கு, வற்றும் குளத்தின் ஈரச் சேற்றில் பூச்சிகள் கிடைக்கும். ஆட்காட்டியின் இன்னொரு வகையான மஞ்சள் மூக்கு ஆட்காட்டியை இந்தியாவில் ஆராய்ந்த ஜெயகர், ஹெலன் ஸ்பர்வே ஆகிய இருவரும், அதனை வெப்பமண்டலத்தின் 'வரட்சிக்காலக் கூடுகட்டி' என்றே 1965 இல் குறிப்பிட்டார்கள்.

ஆனால் இந்த வசதிக்கு ஒரு விலையுண்டு. நண்பகலில் வெறுந்தரையின் வெப்பம் 50 பாகை செல்சியசையும் தாண்டக்கூடும். முட்டைக்குள் வளரும் உயிருக்கோ சுமார் 38 பாகையே உகந்தது. மற்றப் பறவைகள் முட்டைக்குச் சூடு கொடுக்க அமர்கின்றன. ஆட்காட்டி நண்பகலில் முட்டைகளின் மேல் நிழலாக நிற்கிறது. வெயில் இன்னும் கடுமையானால் நீர்க்கரைக்குப் பறந்து, வயிற்று இறகுகளை நனைத்து வந்து, ஈரத்தோடு முட்டைகளின்மேல் அமர்கிறது. நீர் ஆவியாகையில் முட்டைகள் குளிர்கின்றன. நமது மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான்.

தன் உடலின் நீரையும் பறவை சிக்கனமாகவே செலவிடுகிறது. அதற்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்தே உடலைக் குளிர்விக்கிறது. கழிவையும் நீராக வெளியேற்றாமல், யூரிக் அமிலமாக, வெண்ணிறக் களிபோல் வெளியேற்றுகிறது.

உண்மையான பாலைவனங்களில் இந்தச் சிக்கனம் வியக்கத்தக்கது. கூண்டுகளில் வளர்க்கப்படும் சீப்ரா பிஞ்ச் என்னும் சிறு குருவி, தன் தாயகமான ஆஸ்திரேலியாவின் வரண்ட பகுதிகளில் மாதத்தைப் பார்த்துக் கூடு கட்டுவதில்லை; மழை பெய்து புல் விதைகள் விளைவதைப் பார்த்தே கட்டுகிறது. ஆண் கல்கௌதாரி, தொலைதூர நீர்நிலையிலிருந்து தன் வயிற்று இறகுகளில் நீரை ஏந்திவந்து குஞ்சுகளுக்கு ஊட்டுகிறது. 1896 இல் மீட்-வால்டோ என்பவர் இதை எழுதியபோது பலர் நம்பவில்லை. 1967 இல் கேட், மக்லீன் ஆகியோர் கலஹாரிப் பாலைவனத்தில் ஆராய்ந்து உறுதிப்படுத்தினார்கள்.

ஆட்காட்டியும் அதன் முட்டைகளும் வரும் நாட்டார் பாடலை நேயர்கள் பலர் அறிவீர்கள். அப்பாடல் நம்மவர் மனதில் நிலைத்ததற்கு, வெட்டவெளியில் முட்டையிடும் அந்தத் தாயின் பரிதவிப்பே காரணம் என்பது என் எண்ணம். தலைக்குமேல் வட்டமிட்டு அது அலறும்போது, கூட்டைத் தேடும் ஆவல் நமக்கு எழுகிறது. நாம் அங்கே நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டைகள் நிழலின்றிக் கிடக்கின்றன. நண்பகலில் அச்சிறு பொழுதே அவற்றைக் கொன்றுவிடப் போதும். நாம் மிதிக்கவேண்டியதுகூட இல்லை.

ஆகவே, தேவஹூவ குளத்தோரத்திலோ உங்களூர்க் குளத்தோரத்திலோ அக்குரலைக் கேட்டால், வந்த வழியே திரும்பி, அப்பால் விலகிச் செல்லுங்கள். சற்று நேரத்தில் அந்தப் பறவை தன் முட்டைகளிடம் திரும்பிவிடும்.