ஹாஃப், பாதி, அரை: யார் பிரிப்பது, யார் எடுப்பது?

ஆங்கிலத்தில் 'ஹாஃப்' என்றால் என்ன? இரண்டு சம பாகங்களில் ஒன்று. அகராதி இத்தோடு முடித்துக்கொள்ளும். ஆனால் 'பிக்கர் ஹாஃப்' என்று ஆங்கிலேயர்களே பேசுவார்கள். நாமும் 'பெரிய பாதியை அவன் எடுத்துக்கிட்டான்' என்கிறோம். சமம் என்றால் அதில் பெரிசு ஏது, சின்னது ஏது?

சொல்லின் பழைய கதையைப் பார்த்தால் கொஞ்சம் விளங்கும். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு இருந்த மிகப் பழைய பொருள் 'பக்கம்'. 'ஆன் பிஹாஃப் ஆஃப்' என்ற தொடரில் அந்தப் பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஒருவர் பக்கத்தில் நின்று பேசுவது. நாம் 'அவர் சார்பில்' என்று சொல்வது போலத்தான். தமிழில் 'பால்' என்ற சொல்லும் இப்படியே. பகுதி என்றும் பொருள், பக்கம் என்றும் பொருள். வடபால் என்றால் வடக்குப் பக்கம். ஆண்பால், பெண்பால் என்றால் பகுப்பு. 'பாதி'யும் 'பகு' என்ற வேரிலிருந்து வந்த சொல்தான். ஆக, இரு மொழியிலும் பிரிப்பதும் பக்கமும்தான் அடியில் இருக்கின்றன. சமம் என்பது வேரிலேயே இல்லை.

தமிழில் இன்னொரு வசதி உண்டு. ஒரே 'ஹாஃப்'புக்கு நம்மிடம் இரண்டு சொற்கள். 'அரை' என்பது எண். அதனால் அளவோடு சேரும்: அரைக் கிலோ, அரைப்படி, நாலரை மணி. 'பாதி' என்பது முழுசாக முன்னால் இருக்கும் ஒன்றின் பகுதி: பாதி வழி, பாதி வேலை, பாதிப் பேர். 'பாதிக் கிலோ' என்று கடையில் யாரும் கேட்பதில்லை, 'அரைப் பேர் வந்தாங்க' என்றும் சொல்வதில்லை. அரைக்கு ஒரு இறக்கமும் உண்டு: அரைகுறை, அரைவேக்காடு, அரைமனசு. அங்கெல்லாம் யாரும் அளந்து பார்ப்பதில்லை.

கால், அரைக்கால், மாகாணி (பதினாறில் ஒன்று), மா (இருபதில் ஒன்று), காணி (எண்பதில் ஒன்று), முந்திரி (முந்நூற்றிருபதில் ஒன்று) என்று இவ்வளவு நுணுக்கமாகப் பெயர் வைத்த நம் கணக்கில், மூன்றில் ஒன்றுக்கு மட்டும் இப்படி ஒரு தனிச்சொல் வழக்கில் இல்லை. 'மூன்றில் ஒரு பங்கு' என்று நீட்டித்தான் சொல்ல வேண்டும். ஆனால் எங்கள் கடற்கரையில் பெரும்பணம் புரண்டது அந்த மூன்றில் ஒன்றில்தான்.

குலசேகரன்பட்டினம் என்றால் இன்றைக்கு தசரா ஞாபகம் வரும், அல்லது 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ராக்கெட் ஏவுதளம் ஞாபகம் வரும். இந்த ஊரும் தூத்துக்குடியும் இருக்கும் கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கடைசியில் மார்க்கோ போலோ இந்தக் கடலின் முத்துக்குளிப்பைப் பற்றிச் சொல்லும்போது பங்கையும் சொல்கிறார்: அரசருக்குப் பத்தில் ஒன்று, சுறாவை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒன்று. நம் கணக்கில் சொன்னால் அரசருக்கு இருமா, மந்திரக்காரருக்கு ஒரு மா.

ஆங்கிலேயர் காலத்தில் கணக்கு தலைகீழானது. இதே மன்னார் வளைகுடாவின் அக்கரையில், இலங்கையின் மரிச்சுக்கட்டியில், 1900களின் தொடக்கத்தில் பெரிய முத்துக்குளிப்புகள் நடந்தன. தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கத்திலிருந்தும் குளியாளிகள் அங்கே போனார்கள். அரசாங்கத்துக்கு மூன்றில் இரண்டு, குளிப்பவர்களுக்கு மூன்றில் ஒன்று. இப்போது சிக்கலைப் பாருங்க. முத்து சிப்பிக்குள்ளே இருக்கிறது. திறக்காமல் எதில் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. சின்னச் சிப்பி, பெரிய சிப்பி என்ற பேதம் வேறு. இதில் எப்படிச் சமமாகப் பிரிப்பது?

தீர்வு ரொம்ப எளிமை. படகில் வந்த சிப்பிகளைக் குளியாளிகளே மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். அதிகாரி வந்து, தனக்கு வேண்டிய இரண்டு குவியலைக் காட்டுவார். மிஞ்சியது அவர்களுக்கு. ஒரு குவியலைக் குறைத்து வைத்தால் அதுதான் தன் தலையில் விழும். ஆகவே பிரிக்கிறவர் தன் நலத்துக்காகவே சமமாகப் பிரிப்பார். தராசும் வேண்டாம், காவலும் வேண்டாம்.

மென்பொருள் எழுதிப் பிழைக்கிற எனக்கு இது ஒரு அருமையான அல்காரிதம். வீட்டில் அண்ணன் தம்பி கேக் பங்கிடும்போது 'நீ வெட்டு, நான் எடுக்கிறேன்' என்பதும் இதுவேதான். பல பேருக்கு இதை எப்படி விரிப்பது என்று போலந்துக் கணித அறிஞர்கள் யோசித்தார்கள். ஸ்டைன்ஹாஸ் 1948இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். ஐக்கிய நாடுகளின் 1982ஆம் வருடக் கடல் சட்ட ஒப்பந்தத்திலும் இது இருக்கிறது. ஆழ்கடல் படுகையில் உலோக முண்டுகளை எடுக்க உரிமை கேட்கும் நாடு, தான் கேட்கும் பரப்பை மதிப்பில் சமமான இரண்டு பாகமாகப் பிரித்துக் காட்ட வேண்டும். எதைத் தனியே ஒதுக்கி வைப்பது என்பதைச் சர்வதேச ஆணையம் முடிவு செய்யும். சிப்பிக்குள் முத்து போல, அங்கேயும் அடியில் கிடப்பதன் உண்மை மதிப்பு முன்கூட்டியே தெரியாது.

ஆனால் ஒன்றைக் கவனிக்கணும். இந்த முறை குவியல்களைச் சமமாக்கும், அவ்வளவுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலடிக்குப் போகிறவருக்கு ஏன் மூன்றில் ஒன்று, கரையில் நிற்கும் அரசாங்கத்துக்கு ஏன் இரண்டு என்று அது கேட்காது. அந்த விகிதம் குவியல் போடுவதற்கு முன்பே முடிவாகிவிட்டது. அந்த மூன்றில் ஒன்றும் குளியாளிக்கு முழுசாகப் போகவில்லை. படகுக்காரர், கயிறு பிடிப்பவர் என்று இன்னும் பிரியும்.

தூத்துக்குடியில் 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் மீன்பிடிப் படகுகளில் பங்கு முறை தொடர்கிறது. அங்கே 'பாதி' என்றால் முதல் கேள்வி, எதில் பாதி? மீன் விற்ற மொத்தத்திலா, டீசலும் ஐஸும் கழித்த மிச்சத்திலா? ஒரு உதாரணம்: மீன் பத்தாயிரம் ரூபாய்க்குப் போய், செலவு ஆறாயிரம் என்றால், ஒரு பாதி ஐயாயிரம், இன்னொரு பாதி இரண்டாயிரம். இரண்டுமே பாதிதான். வித்தியாசம் மூவாயிரம்.

அதனால் வீடோ, தொழிலோ, நிலமோ, 'பாதிப் பாதி' என்று யாராவது பேச்சை எடுத்தால் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எதில் பாதி, யார் பிரிப்பது, யார் முதலில் எடுப்பது. மூன்றுக்கும் பதில் வந்த பிறகு கையெழுத்துப் போடலாம்.