மூன்று நிமிடத் தராசு!

"கார்டு வந்துவிட்டதா?"

உசிலம்பட்டியிலும் மேலூரிலும் திருமங்கலத்திலும் ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே பொருள்தான். எம்ப்ளாய்மெண்ட் ஆபீசிலிருந்து இன்டர்வியூ கார்டு வந்ததா என்பதே அது! கார்டு வந்த வீட்டில் அன்றே கடன் வாங்குவார்கள். வெள்ளைச் சட்டை தைப்பார்கள். யாரைப் பார்க்கலாம், எவரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கலாம் என்று திண்ணையில் ஆலோசனை நடக்கும். பையன் என்ன படித்திருக்கிறான் என்று கேட்பாரில்லை. யாரைப் பிடித்திருக்கிறான் என்றே கேட்பார்கள்!

'பேட்டி' என்ற சொல்லே வடக்கிலிருந்து நம்மிடம் வந்த சொல்தான், தோழர்களே! பெரிய மனிதரைச் சந்திக்கப் போவதற்குப் பெயர் அது. கொடுப்பவர் உட்கார்ந்திருப்பார், கேட்டு வந்தவர் நிற்பார். ஜமீன்தார் பேட்டி கொடுத்தார். கலெக்டர் துரை பேட்டி கொடுத்தார். தலைவர் நிருபர்களுக்குப் 'பேட்டி அளித்தார்' என்று இன்றும் பத்திரிகைகளில் எழுதுகிறோமே, அந்த 'அளித்தார்' பழைய தர்பாரின் மிச்சம்! 'நேர்காணல்' என்ற தமிழ்ச் சொல்லில் அந்த வாடை இல்லை. அதில் இருவரும் ஒருவரை ஒருவர் நேராகக் காண்கிறார்கள். சொல் மாறிவிட்டது. நாற்காலி மாறிற்றா?

துரை மனம் வைத்தால் வேலை, சிரஸ்தார் கண் காட்டினால் வேலை என்றிருந்த காலத்தில்தான் நீதிக்கட்சி ஆட்சி 1921ல் வகுப்புவாரி உத்தரவைப் போட்டது. 1929ல் சென்னை மாகாணத்துக்கென்று சர்வீஸ் கமிஷன் ஏற்பட்டது. மாகாணங்களில் அதுவே முதல் கமிஷன். தனி மனிதரின் தயவு கொடுத்த வேலையை விதி கொடுக்கட்டும் என்பதே அதன் அடிப்படை. ஆனால் விதிக்குள்ளேயே தயவு வந்து உட்கார ஓர் ஆசனம் கிடைத்தது. அதுதான் இன்டர்வியூ மார்க்!

எவ்வளவு பெரிய ஆசனம் என்று பாருங்கள். 1970-71ல் நம் மாநிலத்து மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கு மொத்தம் 275 மார்க். அதில் நேர்காணலுக்கு மட்டும் 75. மாணவர்கள் உச்சநீதிமன்றம் வரை போனார்கள். ஒருவரைக் கேள்வி கேட்க எடுத்துக்கொண்ட நேரம் மூன்று நிமிடம்தான் என்பதை யாரும் மறுக்கவில்லை. மூன்று நிமிடத்தில் ஒருவரின் தகுதியை எப்படி எடை போடுவது என்று கேட்டது நீதிமன்றம். 75 மார்க் அதிகமென்றும் சொன்னது. அப்போது ஆட்சியில் யார் என்று நினைவூட்ட எதிர்க்கட்சி நண்பர்கள் ஓடி வருவார்கள். வரட்டும்! நியாயத்துக்குக் கட்சி அட்டை கிடையாது.

ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரியில் இன்னும் மோசம். எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50! இரண்டு மூன்று நிமிடம்தான் பேசினார்கள், அதிலும் பெற்றோர் யார், இருப்பது எங்கே என்றுதான் கேட்டார்கள் என மாணவர்கள் முறையிட்டார்கள். கல்லூரிச் சேர்க்கையில் நேர்காணலுக்கு நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் போகக்கூடாது என்று 1980ல் உச்சநீதிமன்றம் கோடு போட்டது. "எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு?" என்ற கேள்வி எதைத் தோண்டி எடுக்கக் கேட்கப்படுகிறது என்பதை மதுரைச் சீமையில் பிறந்தவனுக்கு விளக்கவா வேண்டும்!

மறுபக்கமும் கேட்போம். "ஆளை நேரில் பார்க்காமல் வேலைக்கு எடுப்பதா?" என்கிறார்கள் மில்லில் உழைத்து ஓய்ந்த பெரியவர்கள். பாருங்கள், ஆனால் கையைப் பாருங்கள்! பிட்டர் வேலைக்கு வந்தவனிடம் அரத்தைக் கொடுங்கள், டர்னரை லேத்தில் நிறுத்துங்கள். பேசத் தெரிந்தவனெல்லாம் வேலை தெரிந்தவனல்ல. மேடைப் பேச்சிலே காலம் தள்ளுகிற நான் சொன்னால் இதை நம்பலாம்.

இன்னொரு வாதம் கனமானது. கிராமத்துப் பள்ளியில் படித்து மார்க் குறைந்த ஏழைப் பிள்ளையைக் கைதூக்கிவிட நேர்காணல் உதவாதா என்பது அது. உதவும், உதவியும் இருக்கும். நாற்காலியில் இரக்கமுள்ளவர் இருக்கும் வரை! அவர் ஓய்வு பெற்றுப் போனபின்? இடஒதுக்கீடு சட்டத்தில் இருக்கிறது. ஒருவரின் இரக்கத்தை எந்தச் சட்டத்தில் எழுதுவது?

கெசட்டில் சேராத மத்திய அரசுப் பணிகளுக்கு 2016 ஜனவரி முதல் நேர்காணல் கிடையாது என்றாகிவிட்டது. ரயில்வேயில் கடைநிலை வேலைக்குப் போகிற வாடிப்பட்டிப் பையன் இன்று எழுத்துத் தேர்வையும் உடல் தகுதித் தேர்வையும் தாண்டினால் போதும். எவர் முன்னும் கைகட்டி நின்று மார்க் வாங்க வேண்டியதில்லை. செய்தது டெல்லி என்பதற்காக நல்லதை மறைப்பானேன்?

ஆனால் கலெக்டர் நாற்காலிக்கு இன்னும் நேர்காணல் உண்டு. எழுத்துக்கு 1750, டெல்லி டோல்பூர் மாளிகையில் நடக்கும் நேர்காணலுக்கு 275. பட்டியலின் ஓரத்தில் நிற்பவனுக்கு அந்த 275தான் ஏணி, அதுவேதான் பாம்பு! அங்கே நுனிநாக்கு ஆங்கிலம் இல்லாவிட்டால் கதை முடிந்தது என்று நம் பிள்ளைகளைப் பயமுறுத்துகிற கூட்டம் ஒன்று உண்டு. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதியவன் நேர்காணலிலும் தமிழிலேயே பதில் சொல்லலாம். மொழிபெயர்ப்பாளரை ஆணையமே உட்கார வைக்கும். எந்த மொழியில் பேசப்போகிறாய் என்று விண்ணப்பத்திலேயே கேட்கிறார்கள். தெருவில் அந்தத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால், அந்தக் கட்டத்தில் தமிழ் என்று எழுதலாம் என்பதை இன்றே போய்ச் சொல்லுங்கள்.